ஒளிச் சிகிச்சை ஒன்றல்ல, இரண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் புற்றுநோய்க்கும் பிற தோல் நோய்களுக்கும் தரப்படும் ஒளிச் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் நோய்ப் பிரிவில், ஒளிச் சிகிச்சை அறையில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். அக்கட்டுரை ஒரே பெயரின் கீழ் சேர்த்துச் சொல்லிவிட்ட இரு வேறு சிகிச்சைகளைப் பிரித்துக் காட்டவே இதை எழுதுகிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்வதால், வெண்புள்ளி உள்ள ஒருவர் தமக்குப் புற்றுநோய்க்காரர்களுக்கு வைக்கும் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைக்கிறார்கள் என்று அஞ்சிப் பாதியில் நின்றுவிடுகிறார். உள்ளங்காலில் கரும்புள்ளி பரவிப் புண்ணாகிவிட்ட இன்னொருவரோ, லைட் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்.

முதல் வகை, புற ஊதாக் கதிரைத் தோலின் மீது நேரடியாகச் செலுத்துவது. இன்று பெரிதும் பயன்படுவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர். மருத்துவமனையில் ‘நேரோபேண்ட்’ என்போம். ஆள் உயரப் பெட்டிக்குள், குழல்விளக்குகளுக்கு நடுவே, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து நோயாளி நிற்க வேண்டும். வெண்புள்ளிக்கு சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூல் என்ற அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் வரை கூட்டிக்கொண்டே போவது வழக்கம். வெள்ளைத் திட்டில் இளஞ்சிவப்பு தோன்றி ஒரு நாளுக்குள் மறைந்தால் அளவு சரி என்று பொருள். இரண்டாம் நாளும் சிவப்பும் எரிச்சலும் இருந்தால் கூட்டக் கூடாது. ஆகவே “போன தடவை சிவந்துச்சா, எவ்வளவு நேரம் இருந்துச்சு?” என்று கேட்டு, பதிலை நோயாளியின் அட்டையில் குறித்த பிறகே பொத்தானை அழுத்துவோம். இந்தச் சிகிச்சையின் பாதுகாப்பு இயந்திரத்தைவிட அந்த அட்டையில்தான் இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாள்களில் இல்லாமல், மாதக்கணக்கில் வர வேண்டும். சோரியாசிஸ் பெரும்பாலும் 20, 30 முறைகளிலேயே அடங்கத் தொடங்கும். வெண்புள்ளிக்கு ஆறு மாதமாவது பார்க்காமல் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. முகத்திலும் கழுத்திலும் நிறம் நன்றாகத் திரும்பும். விரல் நுனிகளிலும் பாதத்திலும் அவ்வளவு எளிதில் திரும்பாது. நரைக்காத முடி உள்ள இடங்களில் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவுப் புள்ளிகளாக நிறம் முளைத்து, பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், வெள்ளைக்கு நடுவே கறுப்பாகப் புதுநோய் ஒன்று வந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருவார்கள். குணமாவதைக் கண்டு பயந்து சிகிச்சையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒளியே புற்றுநோயை உண்டாக்காதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். நேரோபேண்டுக்கு முன்பு பரவலாக இருந்தது ‘பூவா’ முறை. சோராலென் மாத்திரையை விழுங்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துப் புற ஊதா-ஏ கதிரில் நிற்க வேண்டும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியில் இருப்பதும் சோராலென்தான். ‘பூவா’ முறையில் சிகிச்சை பெற்ற 1,380 சோரியாசிஸ் நோயாளிகளை அமெரிக்காவில் 1970களிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நூற்றுக்கணக்கான முறை ஒளி பெற்ற வெள்ளைத் தோலினரிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் அதிகரித்தது தெரியவந்தது. நேரோபேண்டைப் பொறுத்தவரை, ஸ்காட்லாந்தில் 3,867 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு, அம்முறையை மட்டும் பெற்றவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க அதிகரிப்பு காணப்படவில்லை என்றே சொல்கிறது. அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மொத்தம் எத்தனை முறை என்று கணக்கு வைத்திருந்தால் போதும். வெண்புள்ளிக்காரர் புற்றுநோய்க்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது வகை முற்றிலும் வேறு. ‘போட்டோடைனமிக் தெரபி’ எனப்படும் இதில் ஒளி தனியாக வேலை செய்வதில்லை. அமினோலெவுலினிக் அமிலம் கொண்ட களிம்பையோ கரைசலையோ நோயுள்ள இடத்தில் தடவிச் சில மணி நேரம் விட்டால், கெட்ட செல்களுக்குள் அது புரோட்டோபோர்ஃபைரின் என்ற பொருளாக மாறிச் சேரும். பிறகு அதன் மீது நீல அல்லது சிவப்பு ஒளியைப் பாய்ச்சும்போது, அங்குள்ள ஆக்சிஜன் வீரியம் பெற்று அந்தச் செல்களைக் கொல்லும். சாயமும் ஒளியும் சேர்ந்தால் உயிரணு சாகும் என்பதை 1900ஆம் ஆண்டிலேயே மியூனிக் நகரில் மாணவராக இருந்த ஆஸ்கர் ராப் கண்டுகொண்டார் என்றாலும், வெயிலால் வரும் சொரசொரப்பான முன்புற்றுத் தடிப்புகளுக்கு இந்தக் கரைசல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1999இல்தான். அந்தத் தடிப்புகளுக்கும், தோலின் மேலடுக்கோடு நிற்கும் தொடக்கநிலைப் புற்றான போவன் நோய்க்கும், தோலின் மேலடுக்கின் அடிச்செல்களில் தோன்றும் பேசல் செல் புற்றுநோயில் மேலோட்டமான வகைக்கும் இது நல்ல சிகிச்சை, தழும்பு குறைவு. ஒளி பாயும் நேரத்தில் எரிச்சல் கடுமையாக இருக்கும் என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

அதைவிட முக்கியமான ஒன்றும் விடுபட்டிருக்கிறது. இந்த ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் பயன்தரும்படி இறங்காது. நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்ற புற்றுக்கும், ஆழமாக ஊடுருவிய புற்றுக்கும் இது சிகிச்சையே அல்ல. மேலும், ஐரோப்பியரிடம் பேசல் செல் புற்று பெரும்பாலும் நிறமின்றிப் பளபளப்பாக இருக்கும். நம்மவர்களிடம் பெரும்பாலும் கறுத்தே இருக்கும். அந்தக் கறுப்பு நிறமி ஒளியைத் தடுத்துவிடுவதால், வெளிநாட்டில் கிடைத்த வெற்றி விகிதத்தை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. நம் ஊரில் இத்தகைய புற்றுக்கு முதல் வழி இன்றும் அறுவைச் சிகிச்சையே. பழைய தீக்காயத் தழும்பில் கிளம்பும் ஆறாப் புண்ணுக்கும் அப்படித்தான்.

இரண்டு வகைக்கும் நடுவே ஒரு விதிவிலக்கு உண்டு. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் நிணநீர்ப் புற்றின் தொடக்க நிலைக்கு அதே நேரோபேண்ட் பெட்டியே உதவுகிறது. கறுத்த தோலில் இது வெளிறிய திட்டுகளாக வந்து, வெண்புள்ளியோ தொழுநோயோ என்று மயங்க வைக்கும். எனவே ஒளி வைப்பதற்கு முன் தோல் மருத்துவர் பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் பயாப்சி (சிறு தோல் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுப்பதும், தொழுநோயில் போல உணர்ச்சி குறைந்த திட்டா என்று சோதிப்பதும் கட்டாயம். இணையத்தில் கைவிளக்கை வாங்கி வீட்டிலேயே காட்டிக்கொள்ளும் பழக்கத்தில் இந்த மூன்றுமே இல்லை. அளவு தெரியாமல் வெந்துபோன தோலோடு வந்தவர்களுக்கு நானே மருந்து கட்டியிருக்கிறேன்.

கடைசியாக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு கோரிக்கை. ஒளிச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களில் பலர் பயத்தால் மட்டும் விடவில்லை. நான் பணியாற்றிய இடத்தில் அந்த அறை முற்பகலில் மட்டுமே திறந்திருக்கும். உள்ளே நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்காக வாரத்தில் இரண்டு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பழைய அளவு செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோல் மருத்துவர் உள்ள அரசு மருத்துவமனைகளில் வாரம் இரு நாள்களாவது மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை ஒளிச் சிகிச்சை அறையைத் திறந்துவைக்கவும், ஒரு மருத்துவமனையின் அட்டையைக் காட்டி இன்னொன்றில் சிகிச்சையைத் தொடரவும் துறை ஆவன செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, எந்த ஒளி, எந்த நோய்க்கு என்பதைத் தலைப்பிலேயே தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
திருச்சிராப்பள்ளி