முதியோரின் சுபாவத்தை அளக்கும் வினாத்தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பது வயதைக் கடந்த என் தாயாரை மறதிக்கான பரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, அவரது சுபாவத்தை அறிவதற்கென்று ஒரு வினாத்தாளை இளைஞர் ஒருவர் வேகமாகப் படித்துக் காட்டினார். 'முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்' என்பதில் தொடங்கி ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காது மந்தமான அம்மாவோ, கேட்கும் பிள்ளையின் மனம் கோணக் கூடாது என்று, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'ஆமாம் தம்பி' என்றார். எளிதில் கோபம் வருமா என்றதற்கும் ஆமாம். எப்போதும் பொறுமையாக இருப்பீர்களா என்றதற்கும் ஆமாம். அவற்றைக் கூட்டி மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள். அதில் பதிவானது அம்மாவின் மரியாதைதான்.

இவ்வகை வினாத்தாள்களில் பெயர் பெற்றது, அமெரிக்காவின் பால்டிமோரில் 1958-இல் தொடங்கிய முதுமை குறித்த நெடுங்கால ஆய்வோடு தொடர்புடைய உளவியலாளர்கள் பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே ஆகியோர் உருவாக்கியது. அதன் 1992-ஆம் ஆண்டுப் பதிப்பில் 240 வாசகங்கள் உள்ளன. தாமே படித்துத் தாமே குறிக்கக்கூடியவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒருவர் கேட்க மற்றவர் வாயால் விடை சொல்லும் கணக்கெடுப்புகளில், இவ்வகை வினாத்தாள்கள் அளக்க நினைக்கும் ஐந்து பண்புகளும் (மனக்கலக்கம், கலகலப்பு, புதியவற்றை ஏற்கும் மனம், இணக்கம், பொறுப்புணர்வு) தெளிவாகப் பிரிந்து வருவதில்லை என்பதை, வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள 23 நாடுகளின் தரவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. எதற்கும் 'ஆமாம்' சொல்லும் வழக்கம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே முதியவர் முன் வினாத்தாளை விரிக்கும் முன்பு அவருக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பண்பை நேராகவும் எதிராகவும் கேட்கும் வாசகங்கள் சம அளவில் இருக்க வேண்டும். நிதானமாக, அவர் பேசும் தமிழில் கேட்க வேண்டும். இவற்றினும் முக்கியமாக, உடன் வாழ்பவரிடம் கேட்க வேண்டும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா வகையில் நினைவு தவறுவதற்கு முன்பே சுபாவம் மாறிவிடுவதுண்டு; மாறியவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. கோஸ்டாவும் மெக்ரேயும்கூட, ஒருவரை நன்கறிந்த மற்றொருவர் நிரப்புவதற்கெனத் தனிப் படிவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

அன்று எங்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. காலணாச் செலவையும் கணக்கெழுதி வைத்த அம்மா, கடந்த ஓராண்டாகப் பால் கணக்கைக்கூட எழுதவில்லை என்பதைச் சொல்வதற்கு நான் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்