கடைசி முறுக்கு கையால் இருக்கட்டும், அண்ணே

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கமும் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். 12 வருடமாக உங்களிடம்தான் பஞ்சர் போடுகிறேன். கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியில் குந்தி உட்கார்ந்து நீங்கள் பார்க்கிற வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வீல் நட் விஷயத்தில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில், ராத்திரி பதினோரு மணிக்கு, மணலி பக்கம் பின் டயர் போய்விட்டது. ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் இருந்தது. நட்டுதான் அசையவில்லை. முந்தின வாரம் ஒரு கடையில் நட்டு முறுக்கும் காற்று கன்னை வைத்து ‘டர்ர்ர்’ என்று அடித்து அனுப்பிய வீல் அது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன். மூன்று கழன்றது. நாலாவது, ஸ்டட்டோடு, அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பியோடு, முறிந்து விழுந்தது. மிச்சம் மூன்று நட்டை நம்பி, இருபதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

‘டைட்டா இருந்தா நல்லதுதானே’ என்பீர்கள். ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி அண்ணே. முறுக்கும்போது மயிரிழை நீளும். அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு, அதாவது வீல் உட்காரும் நடுப்பாகத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது. அளவு மீறி நீண்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. பிடியும் போச்சு, ஸ்டட்டும் போச்சு. சின்னக் கார்களுக்குக் கம்பெனி சொல்லும் முறுக்கு அளவு பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். ஒரு அடி ஸ்பேனரின் நுனியில் 33 கிலோ தொங்கினால் அந்தக் கணக்கு சரி. 70 கிலோ ஆள் ஏறி நின்றாலே இரண்டு மடங்கு. கன் எவ்வளவு போடுகிறது என்பது அந்தக் கம்ப்ரஸருக்கே வெளிச்சம். லாரி வீல் கதை வேறு.

அப்புறம், சுலபமாகக் கழலட்டும் என்று மரையில் ஆயில் விடுகிறீர்களே, வேண்டாம். வழுக்கலில் அதே முறுக்குக்கு ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும்.

நம் ஏரியாவுக்கென்று ஒரு தொல்லை உண்டு, உப்புக்காற்று. ஹப் முகத்தில் துரு செதில் செதிலாக நிற்கும். அதன் மேலேயே வீலை மாட்டினால், ஓட ஓட துரு நொறுங்கி உட்கார்ந்துவிடும், நட்டு தளரும். மாட்டும் முன் கம்பி பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் போதும்.

நட்டை முதலில் கையால் ஏற்றுங்கள். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, குறுக்கே முறுக்குங்கள். ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் நின்ற பிறகு கடைசி முறுக்கு, அது கன்னால் இல்லாமல் கை ஸ்பேனரால். ‘50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை வந்து காட்டு’ என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்.

அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டுவிட்டு வீலுக்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கேளுங்கள், தருகிறேன். அதுவரைக்கும், ‘கடைசி முறுக்கு நான் போட்டுக்கிறேன், ஸ்பேனரைக் கொடு தம்பி’ என்று கேட்டால் முறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாரம் ஒரு தடவையாவது உங்கள் கடை வாசலில் நிற்கும் ஒரு டிரைவர்