திறப்பு விழாவுக்கு மறுநாள் கரண்ட் பில் யார் கட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளரங்க சைக்கிள் டிராக் வேண்டும் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களை இந்தப் பக்கத்தில் தொடர்ந்து படித்து வருகிறேன். வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் எல்லாக் கடிதங்களும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: அரசு இடம் கொடுக்கட்டும், பெரிய நிறுவனங்கள் பணம் கொடுக்கட்டும், கட்டிவிட்டால் பிள்ளைகள் பதக்கத்தோடு வந்து நிற்பார்கள். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் எண்ணம், அதைச் சூடுபட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இதே வேலையில் இறங்கினோம். 250 மீட்டர் மர டிராக், சுற்றிலும் பார்வையாளர் வரிசை, வளைந்த கூரை என்று ஒரு வண்ணப்படம் வரையச் சொல்லி, அதையே எல்லாக் கூட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். ஒரு கூட்டத்தில் கணக்கு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளி, நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. திறப்பு விழாவுக்கு மறுநாள் கரண்ட் பில் யார் கட்டுவது?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விளக்கு, காற்றோட்டம், வெப்பநிலை, காப்பீடு, பயிற்சியாளர் சம்பளம், இரவல் கொடுக்கும் சைக்கிள்களின் பராமரிப்பு, எதற்கும் எங்களிடம் கணக்கு இல்லை. அந்தக் குழு அதற்கப்புறம் நான்கு கூட்டம் தாண்டவில்லை.

அந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தய அரங்கில், 1992 முதல் விலங்குகளும் மரங்களும்தான் இருக்கின்றன, பயோடோம் என்று பெயர். பார்க்க அருமையான இடம், குறை சொல்லவில்லை, ஆனால் அங்கே யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை. கட்டுவதற்குப் பணம் கிடைத்த இடத்தில்கூட தினமும் வந்து ஓட்டுவதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.

அதனால் முதல் கேள்வி, 250 மீட்டர்தான் வேண்டுமா? ஒலிம்பிக்கும் உலகப் போட்டியும் நடத்த அந்த அளவு வேண்டும், சரி. பழகுவதற்கும் உள்ளூர்ப் பந்தயத்துக்கும் வேண்டாம். கனடாவின் லண்டன் ஊரில் பழைய ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்றுக்குள் 138 மீட்டர் டிராக் போட்டு 2005-ல் ஓட்ட ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் கால்ஷாட் என்ற இடத்தில் கடல்விமானங்கள் நின்ற கொட்டகைக்குள்ளேயே டிராக் இருக்கிறது. வட்டம் சிறியதாகும்போது வளைவின் சரிவு கூடும். 250 மீட்டரில் 42 டிகிரி என்றால் இவற்றில் 45, 50 வரை போகும், பார்த்தால் சுவர் மாதிரி இருக்கும். ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மாலையில் பழகிவிடும், சும்மா வேடிக்கை பார்க்க வந்த அம்மா அப்பாவுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். கூரையும் தூண்களும் ஏற்கெனவே நிற்கிற ஒரு காலிக் கிடங்கு கிடைத்தால், திரட்ட வேண்டிய தொகையில் பெரும்பகுதி அங்கேயே மிச்சம்.

இரண்டாவது, நடுவில் இருக்கும் திடல். இதைப் பற்றி யாரும் எழுதக் காணோம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. டிராக் என்பது ஓரத்தில் ஓடும் ஒரு வளையம்தானே, நடுவில் பூப்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து எல்லாம் விளையாடலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2018-ல் திறந்த வெலோட்ரோமுக்குச் சுவரே கிடையாது, காற்றடைத்து நிற்கும் துணிக் கூரைதான். உள்ளே 166 மீட்டர் டிராக், அதோடு நடக்கவும் ஓடவும் ஸ்கேட்டிங் போகவும் தனிப் பாதை. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பெரிய தொகை கொடுத்தார் என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் சைக்கிளே ஏறாதவர்களும் கதவைத் திறந்துகொண்டு வருவதற்கு ஒரு காரணம் வைத்தார்களே, அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் பிரியர்கள் மட்டும் கேட்டால் அது ஒரு சின்னக் கூட்டத்தின் ஆசை. கைப்பந்துக் குழுவும், மழையிலும் நடக்க இடம் தேடும் பெரியவர்களும், பள்ளி விளையாட்டு ஆசிரியர்களும் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டால் அதையே அதிகாரிகள் வேறு மாதிரி படிப்பார்கள்.

கையெழுத்து என்றேன், அதுவும் வெறும் கையெழுத்தாக இருக்கக் கூடாது. "ஆதரிக்கிறேன்" என்று ஆயிரம் பேர் போடுவதைவிட, "வாரம் இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று பத்துப் பள்ளிகளும் ஐந்து கிளப்புகளும் எழுதிக் கொடுப்பது மேல். அந்தக் காகிதங்களை அடுக்கினால் மாத வருமானம் தெரியும், அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதிலும் கிடைக்கும். நன்கொடையாளர்களிடம் அதற்கப்புறம் போகலாம்.

அப்போதும் படத்தைக் காட்டாதீர்கள், ஓட்டச் சொல்லுங்கள். என் முதல் சுற்று இன்னும் நினைவிருக்கிறது. டிராக் சைக்கிளில் பிரேக் இல்லை, மிதிக்காமலே சக்கரம் உருள விடும் ஃப்ரீவீலும் இல்லை. பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன், பெடல் என் காலைத் தூக்கி ஒரு உதறு உதறியது. பயிற்சியாளர் கீழே இருந்து "மிதி, மிதி, நிறுத்தாதே" என்று கத்துகிறார், எனக்கோ வளைவு நெருங்க நெருங்க வேகத்தைக் குறைக்கத்தான் தோன்றுகிறது. அங்கே மெதுவாகப் போனால்தான் வழுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன், சக்கரம் பலகையில் ஒட்டிக்கொண்டு போனது. மூன்றாவது நாள் விழுந்து தொடையில் மரச் சிலாம்பு ஏறியது வேறு கதை. எதிரே வண்டி வராத, நாய் குறுக்கே ஓடாத, ஹாரன் கேட்காத ஒரு இடத்தில் பத்து வயதுக் குழந்தை முழு வேகத்தில் போவதை ஒருமுறை பார்த்தவரிடம் நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளில் பார்வையற்றவர்கள் பின்னால் அமர்ந்து முழு வேகத்தில் போவதும் டிராக்கில் சாத்தியம், பாராலிம்பிக்கில் அதற்கென்றே போட்டிகள் இருக்கின்றன. பக்கத்தில் எங்காவது திறந்தவெளி டிராக் இருந்தால் ஒரு பஸ் பிடித்து எல்லோரையும் அழைத்துப் போகலாம்.

பணம் திரட்ட எனக்குத் தோன்றும் வழி, டிராக்கை மீட்டர் கணக்கில் பங்கு போடுவது. 140 மீட்டர் டிராக் என்றால் 140 பங்கு. ஒரு தெரு சேர்ந்து ஒரு மீட்டர் எடுக்கட்டும், ஒரு வகுப்பின் பழைய மாணவர்கள் ஒரு மீட்டர் எடுக்கட்டும், ஓரப் பலகையில் பெயர் இருக்கட்டும். வரவு செலவை மாதாமாதம் வெளியே ஒட்ட வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும்.

பதக்கத்தைக் காட்டி மட்டும் பணம் கேட்க வேண்டாம். மான்செஸ்டர் வெலோட்ரோம் திறந்தது 1994-ல். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குச் சைக்கிளில் ஒரு தங்கம்கூட இல்லை. 2008 பெய்ஜிங்கில்தான் டிராக்கின் பத்துத் தங்கத்தில் ஏழு அவர்களுக்குக் கிடைத்தது, அதுவும் நடுவில் லாட்டரி நிதி வந்து, பயிற்சி அமைப்பே மாறிய பிறகு. பதினான்கு வருடம். ஐந்து வருடத்தில் பதக்கம் என்று வாக்குக் கொடுத்தால் ஆறாவது வருடம் கதவைப் பூட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

இங்கிலாந்தின் லண்டனில் ஹெர்ன் ஹில் டிராக் இருக்கிறது, 1891-ல் போட்டது, கூரை இல்லாதது. 2010 வாக்கில் அது மூடப்படும் நிலைக்கு வந்தபோது அந்த வட்டாரத்து மக்களும் ஓட்டுகிறவர்களும் கூட்டம் போட்டு, அறக்கட்டளை அமைத்து, காப்பாற்றினார்கள். சிறுவனாக அங்கே ஓட்டிய பிராட்லி விக்கின்ஸ் பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், ஆனால் அந்த டிராக் பிழைத்ததற்குக் காரணம் அவர் மட்டும் இல்லை, பதக்கம் எதுவும் வாங்காமல் வாராவாரம் வந்து ஓட்டியவர்களும்தான்.

புதிதாக யாராவது குழு அமைத்தால் பழைய குழுவின் கணக்கு நோட்டுகளை, தப்புகளோடு சேர்த்து, தருகிறேன். என்னிடம் ஒரு டிராக் சைக்கிளும் சும்மா நிற்கிறது, இரவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். பிரேக் இல்லை, முன்பே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் ஒரு வாசகர்