மதிலுக்கு அந்தப் பக்கம்

ஐயா,

இந்தோனேசிய எழுத்தாளர் இவான் சிமாதுபாங் பற்றி ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போடுங்கள். 1928இல் சுமத்ராவின் சிபோல்காவில் பிறந்தவர். 42 வயதிலேயே ஜகார்த்தாவில் இறந்துபோனார்.

அவருடைய 'சியாரா' நாவலின் தலைப்பு, கல்லறைக்குச் சென்று வருவதைக் குறிக்கும் நம்மூர் ஜியாரத் என்ற சொல்தான். மனைவியை இழந்த ஓவியர், அவள் கல்லறைப் பக்கமே போகாதவர். அவருக்கு அந்த இடுகாட்டு மதிலுக்கே வெள்ளையடிக்கும் வேலை கிடைக்கிறது. இந்தப் பக்கம் சுண்ணாம்பும் மட்டையும், அந்தப் பக்கம் அவள். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர் நாடகங்களும் எழுதினார். 'பெத்தாங் டி தாமன்' நாடகத்தில் முதியவர், பலூன்காரர் எல்லாரும் பெயரில்லாமலே பூங்காவில் பேசிக்கொள்கிறார்கள்.

'சியாரா'வுக்கு, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் இலக்கியப் பரிசு 1977இல் கிடைத்தது. அப்போது அவர் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்