மைக் வாங்குறதுக்கு முன்னாடி ரூமை அள மாப்ள

மாப்ள,

உன் மெசேஜைப் பாத்தேன், வாட்ஸ்அப்புல பதில் போட ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன், வாய்ஸ் நோட்டா அனுப்புனா நீ ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேக்க மாட்ட, அதான் உக்காந்து லெட்டராவே எழுதுறேன். முதல்ல வீட்டு சமாச்சாரம். பொண்ணு காலேஜ் மூணாவது வருஷம், எனக்கு சுகர் லேசா எட்டிப் பாத்துருக்கு, உன் தங்கச்சி டீயில சீனியை நிறுத்திட்டா. மத்தபடி சௌக்கியம்.

நீ திரும்பவும் நம்ம பயலுகளைக் கூட்டி மாடி ரூம்ல ரெக்கார்ட் பண்ணப் போறேன்னதும் எனக்கு என்னமோ பண்ணிருச்சுடா. கல்யாண ரிசப்ஷன்ல பந்திக்கு நடுவுல வாசிச்ச கூட்டம், நம்ம சத்தத்தை நாமளே ஒழுங்கா கேட்டது கிடையாது. சரி, ஒரு லட்சம் வச்சிருக்கேன் எந்த மைக் வாங்கட்டும்னு கேட்டிருக்க. மைக்குல ஆரம்பிக்காதடா. நான் அதுல ஆரம்பிச்சுதான் நாசமா போனேன்.

முதல்ல நான் வாங்குனது ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு எல்லாம் சேத்துக் குடுக்குற ஒரு கண்டென்சர் மைக் செட். கண்டென்சர்னாலே ஸ்டூடியோன்னு ஒரு நினைப்பு. டைல்ஸ் தரை, வெறும் செவுரு, பத்துக்குப் பன்னெண்டு ஹால், அதுல நிக்க வச்சுப் பாடுனா ஏதோ கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேக்குது, அது போக பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவுல இடியாப்பக்காரர் சைக்கிள் ஹாரன், எல்லாம் என் குரலை விடத் தெளிவா விழுந்திருக்கு. மைக் மேல தப்பு இல்ல, அது கேட்டதைத்தான் எழுதிருக்கு. அப்புறம்தான் புரிஞ்சுது, நம்ம மாதிரி வீட்டுக்கு டைனமிக் மைக்தான் லாயக்கு, வாய்க்கு ஒட்டி வச்சுப் பாடலாம், அதனால தூரத்துச் சத்தம் அவ்வளவா ஏறாது. ஷூர் எஸ்எம்57 1965-லயே வந்த சாமான், இன்னைக்கும் ஸ்நேர் டிரம்முக்கும் கிட்டார் ஆம்புக்கும் அதைத்தான் வைக்கிறாய்ங்க. ரெண்டு வாங்கு. ஆனா டூப்ளிகேட் நிறைய சுத்துது, பாதி விலைக்குத் தர்றேன்னு எவன் சொன்னாலும் வாங்காத.

ரூமுக்கு வர்றேன். இதைத்தான் உனக்கு முக்கியமா சொல்லணும். பேஸ் கிட்டாரை மைக் இல்லாம டிஐ பாக்ஸ்ங்கிற சின்னப் பெட்டி வழியா ஒயர்லயே நேரா உள்ள எடுத்தேன், அதுல ரூம் சத்தமே கிடையாது, சரியா? ஆனா ஸ்பீக்கர்ல போட்டு மிக்ஸ் பண்ணும்போது ஓப்பன் ஏ ஸ்ட்ரிங், அதாவது விரல் வைக்காம அடிக்கிற ஏ கம்பி, வர்ற இடத்துல மட்டும் ரூமே குமுறுது. பேஸ்காரன் அழுத்தி அடிச்சுட்டான்னு நெனச்சு அந்த இடத்தை எல்லாம் ஈக்யூல (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் கொறைக்கிறது) போட்டு வெட்டு வெட்டுன்னு வெட்டினேன். கார்ல போட்டுக் கேட்டா அந்த நோட்டையே காணோம்! மூணு வாரம் மண்டை காஞ்சு போச்சு. அப்புறம் டேப் எடுத்து அளந்தேன். ஹால் அகலம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகுது, அதை அகலத்தைப் போல ரெண்டு மடங்கால வகுத்தா 56 ஹெர்ட்ஸ் வருது. ஓப்பன் ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். அம்புட்டுத்தான், அந்த செவுத்துக்கும் இந்த செவுத்துக்கும் நடுவுல அந்த நோட்டு ஊஞ்சல் கட்டி ஆடிருக்கு, நான் செவுத்தை ஒட்டி உக்காந்து கேட்டதால ஏத்தமா கேட்டுருக்கு, ரெண்டு செவுத்துக்கும் சரியா நடுவுல உக்காந்தா அதே நோட்டு காணாமப் போயிரும். பேஸ்காரனை வேற நான் திட்டி வச்சிருந்தேன், பாவம்.

அதனால உன் ஒரு லட்சத்துல முதல் செலவு ராக்வூல், சத்தத்தை உறிஞ்சுற கல் பஞ்சு. நாலு இஞ்ச் கனத்துக்கு ஸ்லாப் வாங்கி, மரச்சட்டம் அடிச்சு, மேல காடாத் துணி சுத்தி மூலைக்கு மூலை நிறுத்து, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்க, இல்லன்னா ரெண்டு நாள் அரிக்கும். முட்டை அட்டை, தெர்மாகோல் எல்லாம் எவனாச்சும் சொன்னா கேக்காத, பேஸை அது ஒண்ணும் பண்ணாது, முட்டை அட்டை தீப்புடிச்சா வேற வினை. வீட்டுல இலவம்பஞ்சு மெத்தை கெடந்தா டிரம்ஸுக்குப் பின்னாடி சாத்தி வை, அருமையா வேலை செய்யும். ஆனா இது எதுவும் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போறதைத் தடுக்காது, உள்ள எதிரொலி கொறையும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் குடுத்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும்னு பேசி வச்சுக்க.

அடுத்தது இன்டர்ஃபேஸ், மைக்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல சேக்குற பெட்டி. ரெண்டு சேனல் போதும்னு கடைக்காரன் சொல்லுவான், ஒத்தையா பாடுறவனுக்குப் போதும், பேண்டுக்குப் பத்தாது. எட்டு ப்ரீஆம்ப் (மைக் சத்தத்தைத் தூக்கிக் குடுக்குறது, மைக்குக்கு ஒண்ணு) உள்ளதா எடு, ஃபோகஸ்ரைட் 18ஐ20 இல்லன்னா பெரிங்கர் யூஎம்சி1820, பெரிங்கர் விலை நல்லாவே கம்மி, நம்ம வேலைக்குத் தாராளமா போதும். கணக்குப் பாரு: டிரம்ஸுக்கு நாலு, பேஸுக்கு ஒண்ணு, கிட்டாருக்கு ஒண்ணு, கீபோர்டு ஸ்டீரியோன்னா ரெண்டு, எட்டு முடிஞ்சு போச்சு, பாடுறவன் எங்க போவான்? அதனால கீபோர்டை மோனோவுல எடு. கீபோர்டுக்காரன் கோவிச்சுக்குவான், கோவிச்சுக்கட்டும்.

ஏன் எட்டும் ஒரே நேரத்துல வேணும்ங்குறேன்னா, ஒவ்வொருத்தனா தனித்தனியா வாசிச்சு அடுக்காதீங்க. நான் அப்படித்தான் ரெண்டு பாட்டு பண்ணேன், தாளம் எல்லாம் சுத்தம், உயிரே இல்ல. நாம வாசிச்சதே டிரம்மர் கண்ணைப் பாத்துத்தானடா, அந்தக் காலத்துல சினிமாப் பாட்டுக்கே பாடகரும் ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா நின்னு ஒரே டேக்ல எடுத்திருக்காங்க. நாலு பேரும் சேந்து வாசிங்க, பாட்டை அப்போதைக்கு வழிகாட்டியா மட்டும் பாடிட்டு அப்புறம் தனியா எடுத்துக்கலாம். கிட்டார் ஆம்ப் சின்னதா இருந்தாலே போதும், அதைக் கதவு சாத்தி பெட்ரூம்ல வை, ஒயரை மட்டும் நீளமா இழு. மைக்கை ஆம்ப் ஸ்பீக்கர் வலைக்கு ரொம்பக் கிட்ட, ஸ்பீக்கர் கோனோட நட்டநடுவுல இல்லாம ஓரமா ஒரு இஞ்ச் தள்ளி வை. நடுவுல வச்சா காதைக் கிழிக்கும், தள்ளத் தள்ள சத்தம் கனமாகும், அந்த ஒரு இஞ்ச்ல கெடைக்கிற வித்தியாசம் எந்த ஈக்யூலயும் வராது.

டிரம்ஸுக்கு நான் புடிச்சுக்கிட்டது கிளின் ஜான்ஸ் முறை. லெட் செப்பலின்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டோட முதல் ஆல்பத்துக்கு இன்ஜினியரா இருந்தவர் அவரு. கிக்குக்கு (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஒரு மைக், ஸ்நேருக்கு ஒண்ணு, மேல ஒண்ணு ஸ்நேரைக் குனிஞ்சு பாக்குற மாதிரி, இன்னொண்ணு தரையில நிக்கிற ஃப்ளோர் டாமுக்குப் பக்கத்துல, டாமுக்கு மேலால ஸ்நேரைப் பாக்குற மாதிரி. டிரம்ஸ் எவ்வளவு பெருசுன்னு இதுலதான் தெரியும். ஒரே கண்டிஷன், மேல இருக்கிற மைக்கும் ஃப்ளோர் டாம் பக்கத்து மைக்கும் ஸ்நேர் நடுவுல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும். பூக்கட்டுற நூல் ஒரு முழம் எடுத்தா பத்தாது, நாலு முழம் எடு, ஸ்நேர் நடுவுல நுனியை வச்சு ஒருத்தன் புடிச்சுக்கட்டும், மேல இருக்கிற மைக் வரைக்கும் இழுத்து முடிச்சுப் போடு, அதே முடிச்சை அடுத்த மைக்கு வரைக்கும் கொண்டு போ. முதல் தடவை நான் கண்ணாலயே பாத்து வச்சேன், ஒரு அடி வித்தியாசம் இருந்திருக்கு, ஒரு அடின்னா ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், ரெண்டு ட்ராக்கையும் சேத்துக் கேட்டா ஸ்நேர் தகர டப்பா மாதிரி மெலிஞ்சு போச்சு. இந்த ரெண்டு இடத்துக்கு மட்டும் கண்டென்சர் மைக் ரெண்டு உதவும், அதுக்கு இன்டர்ஃபேஸ்ல இருந்து ஒயர் வழியாவே கரண்டு குடுக்குற 48 வோல்ட் ஃபேண்டம் பட்டனைப் போட மறந்துராத.

லெவல் விஷயத்துல நம்ம கேசட் காலத்துப் பழக்கத்தை விட்டுரு. அப்ப இரைச்சலுக்குப் பயந்து ஊசி சிவப்பைத் தொடுற மாதிரி வைப்போம்ல, இப்ப 24 பிட்ல அது தேவையே இல்ல, உச்சமே மைனஸ் 12 டெசிபல்ல நின்னா போதும், சிவப்புல ஒருக்கா வெடிச்சா அது வெடிச்சதுதான். மென்பொருளுக்கு ரீப்பர் போதும், 60 நாள் சும்மா பாக்கலாம், அப்புறம் 60 டாலர். ஹெட்ஃபோன் மூடுனது வாங்கு, திறந்த மாதிரி வாங்குனா தாளத்துக்குக் கேக்குற கிளிக் சத்தம் எல்லாம் மைக்குல ஏறும். 

அப்புறம் இரைச்சல். சாமான் எல்லாம் மாட்டுன உடனே ஊம்முன்னு ஒரு சத்தம் வரும், 50 ஹெர்ட்ஸ், கரண்டு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாரு, பாதி நேரம் அதுலயே போயிரும். போகலன்னா எர்த்தைப் பாக்கச் சொல்லு. எங்க வீட்டுல கோடையில எர்த் குழி காஞ்சு கெடந்திருக்கு, எலக்ட்ரீஷியன் வந்து ரெண்டு குடம் தண்ணியை ஊத்துனாரு, சத்தம் பாதியா கொறைஞ்சுது. எதுக்கும் ப்ளக்கோட மூணாவது பின்னை மட்டும் பிடுங்கிராத, கிட்டாரைப் புடிச்சுக்கிட்டு மைக்குல வாயை வச்சவன் ஷாக் வாங்கிருவான்.

ஃபேனையும் நிறுத்தணும், வேர்த்துக் கொட்டும், கம்பி எல்லாம் சுருதி மாறும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி ட்யூன் பண்ணச் சொல்லு. 

என்கிட்ட ஏகேஜி டி112 கிக் மைக் ஒண்ணு சும்மா கெடக்கு, தீபாவளிக்கு வரும்போது எடுத்துட்டு வர்றேன், அதை வாங்காத. அதுக்குள்ள நீ ரெண்டு வேலை பண்ணு. ரூமோட நீளம், அகலம், உயரம் மூணையும் டேப்பால அளந்து அனுப்பு, கண்ணளவு வேண்டாம். நட்டநடுவுல நின்னு ஒரே ஒரு தடவை பலமா கை தட்டி அதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பு, ஃபேனை நிறுத்திட்டு. அந்த இடியாப்பக்காரர் ஹாரன் விழுந்த டேக்கையும் இதோட அனுப்புறேன், கேட்டுட்டுச் சிரி, ரெண்டாவது சரணத்துல சுருதிக்குக் கரெக்டா வருவாரு மனுசன்.

உன்,
பழைய மிக்சர்காரன்
மதுரை