லீட் கேக்கலன்னா லீட்டை ஏத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுலயே கிட்டார் ரெக்கார்ட் பண்றது பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். கிட்டாரை கம்ப்யூட்டர்ல சேக்குற இன்டர்ஃபேஸ் பெட்டி எப்படி பாத்து வாங்கணும், மைக் எப்படி, ஹெட்ஃபோன் எப்படின்னு முக்கால் பக்கம் இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா கடைசியில, ஒத்தை ஒத்தை ஸ்வரமா வாசிக்கிற லீட் பத்தி "லீட் அமுங்கிப்போனா அதோட வால்யூமை கொஞ்சம் கூட்டிக்கலாம்"னு ஒத்தை வரியில முடிச்சுட்டாங்க பாருங்க, இந்த லெட்டரே அந்த ஒத்தை வரிக்காகத்தான். அதை நம்பி நான் தொலைச்ச ராத்திரிங்க கொஞ்சநஞ்சம் இல்ல.

நான் மேடை ஏறி வாசிக்கிற ஆள் கிடையாது. ராத்திரி உக்காந்து ப்ராக்டிஸ் பண்றதை ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேட்டு எங்க சொதப்பியிருக்கேன்னு பாக்குற ரகம். முதல்ல நாலு கார்டை (பல ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கிறது) சுத்தி சுத்தி ரெண்டு நிமிஷம் ரிதம் வாசிச்சு பதிஞ்சுப்பேன், அப்புறம் அதுக்கு மேல லீட். தனித்தனியா கேட்டா ரெண்டும் பிரமாதமா இருக்கும், ரிதம் சும்மா சுவர் மாதிரி நிக்கும், லீட் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு போகும். ரெண்டையும் சேத்து போட்டா லீட் எங்கயோ பக்கத்து ரூம்ல வாசிக்கிற மாதிரி ஆயிடும். சரின்னு லீட்டை 3 டெசிபல் ஏத்துவேன், இப்ப ரிதம் சோப்ளாங்கியா தெரியும், அதையும் ஏத்துவேன், மறுபடி லீட் போயிடும், இப்படியே மாத்தி மாத்தி ஏத்தி கடைசியில மீட்டர் மொத்தமும் செவப்பு. ஒருநாள் என் பொண்ணு கேட்டுட்டு "அப்பா, நடுவுல யாரோ வாசிக்கிறாங்க போல இருக்கே, அது யாரு?"ன்னா. நான்தாம்மா அதுன்னு சொல்லக்கூட வாய் வரல.

விஷயம் என்னன்னா இது வால்யூம் சண்டை இல்ல, இடத்துக்கான சண்டை. சாதாரணமா எல்லாரும் பழகுற ஏ மைனரையே எடுத்துக்கங்க. ஓப்பன் ஏ மைனர் கார்டுல அஞ்சாவது கம்பியோட ஏ 110 ஹெர்ட்ஸ், முதல் கம்பியோட ஈ 330 ஹெர்ட்ஸ் கிட்ட. இப்ப கிட்டார் கழுத்துல 5ஆவது ஃப்ரெட்ல ஆரம்பிக்கிற பென்டடானிக் பாக்ஸ், அதாவது அஞ்சு ஸ்வர வரிசைக்கு விரல் வைக்கிற அமைப்பு, இருக்கே, எல்லாரும் மொதல்ல கத்துக்குறது, அதோட அடி ஸ்வரமும் அதே 110தான், உச்சி 523. அதாவது லீட் வாசிக்கிறதுல பாதிக்கு மேல கார்டு ஏற்கனவே பாய் போட்டு படுத்திருக்கிற எடத்துலயே போய் விழுது. அதே பாக்ஸை 17ஆவது ஃப்ரெட்டுக்கு கொண்டு போங்க, 220ல ஆரம்பிச்சு 1000ஐ தாண்டி போகும், ஒரு குமிழைக்கூட தொடாம லீட் தானா வெளிய வந்து நிக்கும். இல்ல எனக்கு கீழதான் வாசிக்கணும்னா ரிதமை மேல தூக்குங்க, ஆறு கம்பியும் அடிக்காம மெல்லிசான மூணு கம்பியில மட்டும் கார்டை புடிங்க. பேஸ், ட்ரெபிள்னு தனித்தனியா ஏத்தி எறக்குற ஈக்யூ, சாஃப்ட்வேர்ல சேக்குற ப்ளக்இன் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். இது தெரியாம நான் எவ்வளவு நாள் குமிழ் திருகியிருக்கேன் தெரியுமா.

அடுத்தது இந்த மிட், அதான் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவுல இருக்குற சத்தம். தனியா வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி மிட்டை தோண்டி எடுத்துட்டா காதுக்கு அவ்வளவு பெருசா இருக்கும், அதுலயும் ராத்திரி வீட்டுல எல்லாரும் தூங்குறாங்கன்னு சத்தத்தை கம்மியா வச்சு டோன் செட் பண்ணா இன்னும் மோசம். சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு அடி பேஸ் சரியா எட்டாது, உச்சி ட்ரெபிளும் கொஞ்சம் மங்கும், இதை ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே அளந்து வரைஞ்சு வச்சுட்டாங்க. அதனால நாம பாட்டுக்கு அந்த ரெண்டையும் ஏத்திடுவோம், மறுநாள் பகல்ல சத்தமா போட்டா ஒரே குமுறலும் கீச்சும். கிட்டாரோட உயிரே மிட்லதான் இருக்கு, அதை எடுத்துட்டு லீட் கேக்கலன்னு அழுதா எப்படி.

நான் இப்ப பண்றது இதுதான், ரிதம்ல 1000ல இருந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு 2, 3 டெசிபல் எறக்குறேன், அடியில 100க்கு கீழ வெட்டிடுறேன், பேஸ் கிட்டார் ட்ராக் இருந்தா அந்த எடம் அதுக்கு சொந்தம். லீட்ல அதே எடத்துல லேசா ஏத்துறேன், அவ்வளவுதான். லீட்டோட வால்யூம் ஃபேடரை கையாலயே தொடல, ஆனா கேக்குது. டியூப் ஸ்க்ரீமர்னு ஒரு பச்சை பெடல் இருக்கே, லீட் வாசிக்கிறவங்க அதை ஏன் விடாம காலடியிலயே வச்சிருக்காங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது, அது அடி பேஸை கொறைச்சு 720 ஹெர்ட்ஸ் பக்கத்துல மிட்டை முட்டு குடுத்து தூக்குது. ஒண்ணு மட்டும், ரிதமை இப்படி எறக்கினப்புறம் சோலோ பட்டனை அழுத்தி தனியா கேக்காதீங்க, நோஞ்சானா தெரியும், மனசு கேக்காம பழையபடி ஏத்திடுவீங்க. நான் ஏத்தியிருக்கேன்.

சத்தத்தை கரகரப்பாக்குற கெயின் பத்தியும் கட்டுரையில ஒண்ணும் இல்ல. ரிதமை ரெண்டு தடவை வாசிச்சு ஒண்ணை இடது பக்கம் ஒண்ணை வலது பக்கம் போட்டா நடுவு காலியாகி லீட் வந்து உக்கார எடம் கெடைக்கும், இது நெறைய பேருக்கு தெரியும். ஆனா ரெண்டுலயும் கெயினை முழுசா வச்சா ஈ மொய்க்கிற மாதிரி ஒரே ஙொய்ங்னு ஆயிடும், தனியா வாசிக்கிறதுக்கு வைக்கிறதுல பாதி, முக்கால்வாசி போதும், ரெண்டும் சேரும்போது தானா கனமாயிடும். முக்கியமா ரெண்டு தடவையும் நெஜமா வாசிக்கணும். ஒரே டேக்கை காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போட்டா அது அகலமே ஆகாது, நடுவுலயே கொஞ்சம் சத்தமா கேக்கும். சோம்பேறித்தனத்துல ஒரு காப்பியை 20 மில்லி செகண்ட் தள்ளி வச்சேன், ஹெட்ஃபோன்ல ஆகா ஓகோன்னு இருந்துச்சு, இடது வலதை ஒண்ணா கலக்குற மோனோ ஸ்பீக்கர்ல போட்டா தகர டப்பாவுக்குள்ள வாசிச்ச மாதிரி. ரெண்டும் ஒண்ணா சேரும்போது 25, 75, 125 ஹெர்ட்ஸ்னு வரிசையா ஒண்ணை ஒண்ணு அடிச்சு காலி பண்ணிடுது.

எதிரொலி குடுக்குற டிலேயும் ரிவெர்பும் லீட்டுக்கு அழகுதான், நிமிஷத்துக்கு 90 தட்டு டெம்போன்னா 60000ஐ 90ஆல வகுத்தா 667, அதுல பாதி 333 மில்லி செகண்ட் வச்சா தாளத்தோட ஒட்டி வரும். ஆனா ப்ராக்டிஸ்க்கு ரெக்கார்ட் பண்றவங்க பதியும்போது அதை அணைச்சுட்டு பதிங்க, வேணும்னா அப்புறம் சேத்துக்கலாம். கம்பியை வளைச்சு பெண்ட் பண்ணும்போது ஸ்வரம் எட்டாம கால்வாசி கீழயே நின்னா ரிவெர்ப் அதை போர்வை போட்டு மூடிடும், கெயின் ஜாஸ்தியா இருந்தா பிக் தாளத்துக்கு பிந்தினதும் தெரியாது. எனக்கு நானே ஒளிச்சு வச்சுக்கிட்டா எதுக்கு ரெக்கார்டிங்.

இன்னொண்ணு, வாசிக்கிறதுக்கும் காதுல விழறதுக்கும் நடுவுல தாமதம் வருதுன்னா புது இன்டர்ஃபேஸ் வாங்குன்னு எழுதியிருந்தீங்க. மொதல்ல பஃபர் செட்டிங்கை, அதான் கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்தை சேத்து வச்சு அனுப்புதுங்கிறதை, பாக்க சொல்லியிருக்கலாமே சார், செகண்டுக்கு 44100 சாம்பிள் வச்சு பதியும்போது பஃபர் 1024 சாம்பிள்னா அதுவே 23 மில்லி செகண்ட், 128க்கு எறக்கினா 3 கிட்ட வந்துடும். காசு செலவே இல்ல.

அடுத்த தடவை இது மாதிரி கட்டுரை போட்டா வாங்குற லிஸ்ட்டை கால் பக்கமா சுருக்கிட்டு, ஒரே ரிதமை வச்சு லீட் முன்னாடி வர்றது எப்படின்னு வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை எழுத வைங்க. போன வாரம் பதிஞ்சதை பொண்ணுகிட்ட போட்டு காட்டினேன், இந்த தடவை யாரு வாசிக்கிறாங்கன்னு கேக்கல, "அந்த மூணாவது எடத்துல தப்பா வாசிச்சிருக்கீங்க"ன்னா.

இப்படிக்கு,
ராத்திரி பத்து மணிக்கு மேல ஹெட்ஃபோன் மாட்டுற ஒரு வாசகர்