சுவரோடு அழியும் கொசுத்தேனீக் கூடுகள்

ஆசிரியருக்கு,

பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கோடை விடுமுறைக்குள் இடித்து அகற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். மாணவர்களின் பாதுகாப்புக்கு அது அவசியமே. ஆனால், அத்தகைய பழைய சுவர்களின் பொந்துகளில்தான் கொசுத்தேனீக்கள் பல ஆண்டுகளாகக் கூடு வைத்து வாழ்கின்றன. மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் ஆபத்து நேர்ந்தால் கூட்டைக் கைவிட்டு ராணியுடன் வேறிடம் பறந்துவிடும். கொசுத்தேனீயின் ராணியோ முட்டையிடத் தொடங்கியபின் வயிறு பருத்துப் பறக்கும் திறனை இழந்துவிடுவதால், சுவர் விழும்போது குடும்பமே அழிந்துபோகிறது.

எங்கள் ஊரில் பழைய ஓட்டு வீடொன்றைப் பிரித்தபோது, பிசினும் மெழுகும் கலந்து கட்டிய குழாய் வாயிலுக்குப் பின்னால், திராட்சைக் கொத்துபோல் ஒட்டியிருந்த தேன்குடங்களையும் அருகிலேயே முட்டையறைகளையும் கண்டேன். கொட்ட இயலாத அந்தச் சிற்றுயிர்கள் எங்கள் தலைமுடிக்குள் புகுந்து கடித்துத்தான் கூட்டைக் காக்க முயன்றன. தேனீ வளர்க்கும் அண்டை வீட்டார் ராணியையும் முட்டையறைகளையும் சிறு மரப்பெட்டிக்கு மாற்றி அங்கேயே வைக்க, வெளியே சென்றிருந்தவையும் மாலைக்குள் அதில் வந்தடைந்தன. எனவே, இடிப்பதற்கு முன் சுவர்களில் இத்தகைய வாயில்கள் உள்ளனவா எனப் பார்வையிட்டு, உள்ளூர்த் தேனீ வளர்ப்போரைக் கொண்டு கூடுகளைப் பெட்டிக்கு மாற்றுவதை ஒப்பந்தப் பணிகளில் ஒன்றாகவே சேர்க்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், மார்த்தாண்டம்